யூவி-5ஆரை மொட்டைமாடி ஏரியலில் மாட்டும் முன்: கிரவுண்ட் பிளேன், ஸ்டப், ஃபில்டர்

145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்ற வயர்லெஸ் கைக்கருவி வைத்திருக்கும் ஹேம்கள் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள்) மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் கணக்கு இதுதான். 2 மீட்டர் பேண்டின் நடுவில், 145 மெகாஹெர்ட்ஸில், பேசும்போது கருவியிலிருந்து கொஞ்சம் கசியும் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் வேண்டாத சிக்னல்) நேராக 435-ஐச் சுற்றிய 70 செ.மீ. பேண்டுக்குள் விழுகிறது. இரண்டு பேண்டுக்கும் ஒத்துப்போகும் ஏரியலை மாட்டியிருந்தால் அந்தக் கசிவையும் அது அழகாக வானில் ஏற்றிவிடும். கூடவே வரும் ரப்பர் ஏரியலோடு கையில் பிடித்துப் பேசும்வரை இது பெரிய தொல்லை இல்லை, அந்த ஏரியலே அவ்வளவு மோசமானது. கேபிள் இழுத்து மாடியில் நல்ல ஏரியல் வைத்த நாளிலிருந்து கதை மாறுகிறது. நம் குரல் தூரம் போகிறது, நம் குப்பையும் தூரம் போகிறது. வெளியே இருக்கும் பலமான சிக்னல்களும் அதே கம்பி வழியாகக் கருவிக்குள் இறங்குகின்றன.

நான்கு வாட், 136–174, 400–520 மெகாஹெர்ட்ஸ், 128 சேனல், இந்த விலைக்கு இது தாராளம். அதைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. சில நூறு ரூபாய்ப் பொருட்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் இதை ஒரு கண்ணியமான வீட்டு நிலையமாக ஆக்கலாம். எங்கே பணம் போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்பதுதான் கேள்வி.

உரிமம் பற்றி ஒரே வரி: இந்தியாவில் ஹேம் உரிமம் இல்லாமல், அழுத்திப் பேசும் பிடிடி பொத்தானைத் தொடக்கூடாது. உரிமம் இருந்தாலும் இந்தக் கருவியில் நமக்கு உரியது 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. கருவி மற்ற இடங்களிலும் பேசும் என்பது அனுமதி ஆகாது.

கனெக்டர்

யூவி-5ஆரின் தலையில் இருப்பது ஊசி உள்ள எஸ்எம்ஏ என்ற சிறு திருகு கனெக்டர், அதாவது ஆண் வகை. ஏரியல் பக்கம் துளை உள்ள பெண் வகை வேண்டும். யாயேசு, ஐகாம் கைக்கருவிகள் பலவற்றில் இது நேர்மாறு என்பதால் நண்பரிடம் வாங்கிய ஏரியல் பொருந்தாமல் போகலாம். வைஃபை ரவுட்டர் ஏரியலில் வருவது ஆர்பி-எஸ்எம்ஏ. மரை ஒன்றுபோல ஏறும், ஆனால் நடுவில் ஊசியும் ஊசியும் முட்டும், அல்லது துளையும் துளையும் பார்த்துக்கொண்டு நிற்கும். முறுக்கி இறுக்கியபின் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், சிக்னல் மட்டும் வராது. வாங்கும்போதே நடு ஊசியைக் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும்.

கனமான ஆர்ஜி-58 கேபிளையோ அதைவிடத் தடித்ததையோ திடமான அடாப்டர் போட்டு நேரடியாகக் கருவியின் தலையில் மாட்டாதீர்கள். கேபிளின் எடை நெம்புகோலாக வேலை செய்து எஸ்எம்ஏவை உள்ளே பலகையில் பிடித்திருக்கும் ஈயத்தை விரிசல் விடச் செய்யும். ஒரு அடி நீள ஆர்ஜி-316 பிக்டெயில் வாங்குங்கள். ஒரு முனை பெண் எஸ்எம்ஏ, மறு முனை பிஎன்சி. இழுவை எல்லாம் அந்த மெல்லிய கேபிளோடு நின்றுவிடும். ஒரு அடிக்கு இழப்பு கணக்கில் வராது.

கேபிள்

ஆர்ஜி-58 ஒரு மீட்டருக்கு 145-இல் சுமார் 0.2 டெசிபெல் (சக்தி குறைவதன் அளவு) தின்னும், 435-இல் 0.35-ஐத் தாண்டும். மாடிக்குப் பத்து மீட்டர் என்றால் 2 மீட்டர் பேண்டில் நான்கு வாட்டில் இரண்டரை வாட் மேலே போய்ச் சேரும், 70 செ.மீ.யில் ஒன்றேமுக்கால்கூடத் தேறாது. எல்எம்ஆர்-400 வகைக் கேபிளில் அதே பத்து மீட்டருக்கு முறையே அரை, முக்கால்–ஒன்று டெசிபெல்தான் இழப்பு. ஏரியலை நீங்களே செய்து மிச்சமாகும் பணத்தைக் கேபிளில் போடுவது நல்ல கணக்கு.

இழப்பு அதிகமுள்ள கேபிள் இன்னொரு ஏமாற்று வேலையும் செய்யும். மேலே ஏரியலில் எஸ்டபிள்யூஆர் (ஏரியல் எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 3 இருந்தாலும், போய்த் திரும்பும் வழியில் கேபிள் தின்றுவிடுவதால் கீழே மீட்டரில் 1.5 என்று காட்டும். 70 செ.மீ.யில் எஸ்டபிள்யூஆர் அருமை, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை என்ற புகாரில் பாதி இதுதான். அளவெடுப்பதை ஏரியலின் காலடியில், குட்டைக் கேபிளோடு செய்ய வேண்டும்.

ஏரியல்: ஐந்து கம்பி, ஒரு சாக்கெட்

கிரவுண்ட் பிளேன் எனப்படும் இந்த ஏரியலுக்குத் தேவையானவை: நான்கு துளை உள்ள எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, 14 கேஜ் செப்புக் கம்பி மூன்று மீட்டர் (தடிமன் சுமார் 2 மி.மீ.), 3 மி.மீ. போல்ட்டும் நட்டும் நான்கு ஜோடி, கம்பிக்கு ஏற்ற வளைய லக் நான்கு. முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலப் பிவிசி குழாய் கம்பமாகும்.

145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 51.7 செ.மீ. கம்பியின் முனை விளைவு போக நடுக்கம்பி ஏறக்குறைய 49 செ.மீ.யில் நிற்கும். எல்லாவற்றையும் 53 செ.மீ.யாக வெட்டிக்கொள்ளுங்கள். நடுக்கம்பியைச் சாக்கெட்டின் நடு ஊசிக் கிண்ணத்தில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். 2 மி.மீ. செம்பு சூட்டை உறிஞ்சிவிடும், 25 வாட் பற்றவைப்புக் கோல் திணறும், 60 வாட் வேண்டும். கம்பியையும் கிண்ணத்தையும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டுச் சேர்த்தால் சாக்கெட்டின் வெள்ளை இன்சுலேட்டர் உருகாமல் தப்பும். மற்ற நான்கு கம்பிகளான ரேடியல்களையும் லக் போட்டுப் போல்ட்டில் இறுக்கி, கிடையிலிருந்து 45 டிகிரி கீழே சாய்த்துவிடுங்கள். ரேடியல்கள் நேராகக் கிடையில் இருந்தால் ஏரியலின் தடை 36 ஓமுக்கு அருகில் நிற்கும், எஸ்டபிள்யூஆர் 1.4-க்குக் கீழே இறங்க மறுக்கும். சாய்க்கச் சாய்க்க அது 50-ஐ நோக்கி ஏறும்.

நானோவிஎன்ஏ (ஏரியலையும் ஃபில்டரையும் அளக்கும் சிறு கருவி) இருந்தால் 140–150 என்று வீச்சு வைத்து, ஏரியலோடு இணைக்கப்போகும் அதே குட்டைக் கேபிளின் முனையில் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் வைத்துக் கேலிபரேட் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். வீச்சை மாற்றினால் கேலிபரேஷனும் போயிற்று, மறுபடி செய்ய வேண்டும். 53 செ.மீ.யில் எஸ்டபிள்யூஆரின் பள்ளம் 140-க்கும் கீழே, திரைக்கு வெளியே இருக்கக்கூடும். அதனால் முதலில் நடுக்கம்பியில் இரண்டு செ.மீ. தாராளமாக வெட்டலாம். அதன்பின் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸ் மேலே ஏற்றவும் 3.4 மி.மீ. குறைக்க வேண்டும். பள்ளம் 145-க்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு, ரேடியல்களின் சாய்வை மாற்றிப் பள்ளத்தின் ஆழத்தைச் சரிசெய்யுங்கள். நீளம் பள்ளத்தின் இடத்தை நிர்ணயிக்கிறது, சாய்வு அதன் ஆழத்தை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் கம்பி குட்டையாகிக்கொண்டே போகும்.

சுவர், கைப்பிடிக் கம்பி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி அளக்க வேண்டும். நடுக்கம்பியின் முனையைச் சிறு வளையமாக மடிக்கும் எண்ணம் இருந்தால், கண்ணில் குத்தாமலிருக்க அது நல்லதுதான், அதை மடித்தபிறகே கடைசி அளவு எடுங்கள்.

இந்த ஏரியல் 435-இல் முக்கால் அலை ஏரியலாகத் தானாகவே வேலை செய்யும். ஆனால் அங்கே சக்தியின் பெரும்பகுதி அடிவானத்தை விட்டு 45 டிகிரி அளவில் மேலே தூக்கிப் போகும். தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோளைக் கேட்க அது உதவும், ஊருக்கு ஊர் பேச உதவாது. 70 செ.மீ.யில் தீவிரமாகப் பேசுகிறவர்கள் நடுக்கம்பி 16 செ.மீ. அளவில் தனியாக ஒன்று செய்துகொள்வதே சரி.

சாக்கெட்டுக்குக் கீழே கேபிளைப் பத்து செ.மீ. விட்டத்தில் நான்கைந்து சுற்றுச் சுற்றிக் கம்பத்தோடு கட்டினால், கேபிளின் மேலுறையில் வழியும் ஆர்எஃப் (வானொலி அலை மின்னோட்டம்) கட்டுப்படும். கீழே மைக்கில் ஆர்எஃப் ஏறிக் குரல் கரகரக்கும் தொல்லை குறையும். நடு ஊசியைச் சுற்றிலும், பிஎல்-259 கனெக்டரின் கீழ் வாயிலும் தண்ணீர் புகாதபடி தானாக ஒட்டும் ரப்பர் டேப், அதன்மேல் இன்சுலேஷன் டேப், கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரை ஓடுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் எஸ்டபிள்யூஆர் ஏறியிருந்தால் ஏரியலைச் சந்தேகிக்கும் முன் கனெக்டரைத் திறந்து பாருங்கள். கேபிளின் பின்னலுக்குள் தண்ணீர் ஏறிக் கறுத்திருந்தால் கறுப்பு தீரும் இடம்வரை வெட்டி எறிய வேண்டும், துடைத்து மீட்க முடியாது.

34 செ.மீ. கேபிளில் ஒரு வடிகட்டி

ஹார்மோனிக் எவ்வளவு இருந்தால் அதிகம்? அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் 97.307 விதி ஒரு நல்ல அளவுகோல். 30–225 மெகாஹெர்ட்ஸில், 25 வாட்டோ அதற்குக் குறைவோ உள்ள டிரான்ஸ்மிட்டரில், வேண்டாத கசிவு எதுவும் 25 மைக்ரோவாட்டைத் தாண்டக்கூடாது, முக்கிய சிக்னலைவிட 40 டெசிபெலாவது கீழே இருக்கவும் வேண்டும். நான்கு வாட் கருவிக்கு 25 மைக்ரோவாட் என்றால் 52 டெசிபெல் கீழே. மலிவுக் கைக்கருவிகள் இதில்தான் தடுக்குகின்றன. ஒரே மாடலில்கூட ஒன்று தேறும், அடுத்தது தேறாது. ஆகவே உங்கள் கையில் இருப்பது எப்படி என்பதை அளந்தால்தான் தெரியும்.

அளக்க டைனிஎஸ்ஏ என்ற சிறு ஸ்பெக்ட்ரம் அனலைசர் போதும். ஆனால் நான்கு வாட் என்பது 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைவிட 36 டெசிபெல் மேலே). அதை நேராக உள்ளே விட்டால் டைனிஎஸ்ஏ அந்த நொடியே போய்விடும். குறைந்தது 10 வாட் தாங்கும் 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) நடுவில் இருக்க வேண்டும், அதன்பின் உள்ளே போவது –4 டிபிஎம். பட்டாணி அளவு எஸ்எம்ஏ அட்டெனுவேட்டர்கள் இரண்டு வாட்டுக்குமேல் தாங்காது, இரண்டைத் தொடராக மாட்டினாலும் முன்னால் இருப்பது கருகும். கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர் டாங்கிளில் ஹார்மோனிக் அளக்க முயலாதீர்கள். பலமான சிக்னலில் அந்த டாங்கிளே ஹார்மோனிக்கைத் தனக்குள் உற்பத்தி செய்து காட்டும்.

இரண்டு பேண்டும் வேண்டும், இரண்டாவது ஹார்மோனிக்கை மட்டும் அடக்க வேண்டும் என்றால் ஒரு துண்டு ஆர்ஜி-58 போதும். முனை ஷார்ட் செய்யப்பட்ட கால் அலை ஸ்டப் (முதன்மைக் கேபிளிலிருந்து பக்கவாட்டில் கிளைக்கும் துண்டு) 145-இல் திறந்த கதவுபோல, இருப்பதே தெரியாது. 290-இல் அதே துண்டு அரை அலை ஆகிவிடுவதால் முனையிலுள்ள ஷார்ட் அப்படியே வாயில் வந்து நிற்கும், இரண்டாவது ஹார்மோனிக் அங்கேயே அடிபடும். 435-இல் மறுபடி திறந்த கதவு. 70 செ.மீ.யில் பேசும்போது அதன் இரண்டாவது ஹார்மோனிக்கான 870-இல் மறுபடி ஷார்ட். ஒற்றைப்படை மடங்குகளை விட்டு இரட்டைப்படை மடங்குகளைப் பிடித்துக்கொள்ளும் இந்தக் குணம் 145, 435 என்ற நம் ஜோடிக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைகிறது. ஏரியலின் நடுக்கம்பி இதன் வழியாக நேர்மின்னோட்டத்துக்குத் தரையோடு இணைவதால் காற்றில் சேரும் நிலைமின்சாரமும் வடியும். இடி வந்தால் கேபிளைக் கழற்றிவிடும் பழக்கத்துக்கு அது மாற்று இல்லை.

செய்யும் முறை: பிஎன்சி டி-கனெக்டர் ஒன்று. அதன் ஒரு கிளையில் பிஎன்சி போட்ட 36 செ.மீ. ஆர்ஜி-58. திடப் பாலிஎதிலீன் உள்ள கேபிளின் வேகக் காரணி 0.66 என்பதால் கணக்குப்படி 51.7 × 0.66 = 34.1 செ.மீ. இதை டியின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். கனெக்டரே இரண்டு மூன்று செ.மீ. எடுத்துக்கொள்ளும், ஆகவே கேபிள் இதைவிடக் குட்டையாகவே முடியும். நுரை இன்சுலேஷன் உள்ள கேபிளில் இந்த நீளம் செல்லாது.

நானோவிஎன்ஏவின் இரண்டு முனைகளையும் டியின் இரு பக்கம் மாட்டி எஸ்21 (கடந்துபோகும் சிக்னல்) பாருங்கள், வீச்சு 100–500. கேபிளின் கடைசி முனையிலிருந்து ஆரம்பித்து, ஒரு குண்டூசியைப் பின்னலும் நடுக்கம்பியும் தொடும்படி குறுக்கே குத்தினால் அந்த இடம் ஷார்ட் ஆகும், பள்ளம் எங்கே விழுகிறது என்று திரையில் தெரியும். கனெக்டரை நோக்கி அரை அரை செ.மீ.யாக நகருங்கள். ஒரு செ.மீ.க்குப் பள்ளம் எட்டு எட்டரை மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். 290 வந்ததும் அந்த இடத்தில் வெட்டி, பின்னலை நடுக்கம்பியோடு முறுக்கி ஈயம் வையுங்கள். கனெக்டர் பக்கமிருந்து குத்திக்கொண்டு வந்தால் மிஞ்சும் துண்டு முழுக்க ஓட்டையாகிவிடும், திசை முக்கியம்.

ஆர்ஜி-58-இன் இழப்பைக் கணக்கிட்டால் 290-இல் 30 டெசிபெலுக்குச் சற்று மேலே அடக்கம் கிடைக்க வேண்டும். நடைமுறையில் 25-க்கு மேல் வந்தாலே நன்றாகச் செய்திருக்கிறீர்கள். 145-இல் இழப்பு ஊசிமுனை அளவுதான். கருவிக்கும் டிக்கும் நடுவே உள்ள கேபிளின் நீளம் சில சமயம் விளையாடும். ஸ்டப் ஹார்மோனிக்கை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகிறது. திரும்பியது கருவியில் எந்த நிலையில் போய் மோதுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். எதிர்பார்த்த அடக்கம் வரவில்லை என்றால் நடுக்கேபிளை 10–15 செ.மீ. நீட்டிப் பாருங்கள்.

2 மீட்டர் மட்டும் போதும் என்றால்: ஏழு உறுப்பு ஃபில்டர்

435-இல் விழும் மூன்றாவது ஹார்மோனிக்கை ஸ்டப் தொடாது. 2 மீட்டர் ரிப்பீட்டரில் (கேட்டதை வேறு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் நிலையம்) மட்டும் பேசும் வீட்டு நிலையத்துக்குச் சரியான மருந்து, தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டர். 170 மெகாஹெர்ட்ஸ் வெட்டு, 0.1 டெசிபெல் அலைவு, செபிஷெவ் வகை என்று வைத்துக் கணக்கிட்டால் மதிப்புகள் வியப்பூட்டும்படி கடைச் சரக்காகவே வந்து விழுகின்றன. கெபாசிட்டர்கள் வரிசையாக 22, 39, 39, 22 பிகோஃபாரட். அவற்றுக்கு இடையில் காயில்கள் 67, 74, 67 நானோஹென்றி. ஏட்டளவில் 290-இல் 46 டெசிபெல், 435-இல் 70-க்கு மேல் அடக்கம். கட்டியபின் 435-இல் 50 வந்தாலே போதும்.

காயிலுக்கு மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் 19 கேஜ் இனாமல் கம்பி (தடிமன் 1 மி.மீ.). 5 மி.மீ. டிரில் பிட்டின்மேல் நான்கு சுற்று. நடுக் காயிலின் நீளத்தை 5 மி.மீ.யாகவும், இரு பக்கக் காயில்களை 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் இழுத்துவிட்டால் மேற்சொன்ன மதிப்புகள் வந்துவிடும். முனைகளில் இனாமலைப் பிளேடால் நன்றாகச் சுரண்டிவிட்டு ஈயம் பூசுங்கள். மேலே மட்டும் சுரண்டினால் ஈயம் ஒட்டியதுபோல நின்று தொடர்பு விட்டு விட்டு வரும்.

கெபாசிட்டர் சி0ஜி அல்லது என்பிஓ வகையாக இருக்க வேண்டும். ஐந்து வாட்டுக்கு 50 ஓமில் உச்ச மின்னழுத்தம் 22 வோல்ட்டுதான், 100 வோல்ட் ரகம் தாராளம். எக்ஸ்7ஆர் வகை சூடாகும், மதிப்பும் நகரும். தட்டு வடிவ செராமிக் கெபாசிட்டரைக் காலோடு அப்படியே நிற்க வைப்பதுதான் இந்த ஃபில்டரைக் கெடுக்கும் முதல் காரணம். இரண்டு காலும் சேர்ந்து ஒரு செ.மீ. இருந்தால் அதுவே எட்டுப் பத்து நானோஹென்றி. 39 பிகோஃபாரடோடு சேர்ந்து 270 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் ஒத்ததிர்ந்து, அதற்கு மேலே அது கெபாசிட்டராகவே நடந்துகொள்ளாது. 290-இல் அடக்கம் பிரமாதமாகத் தெரியும், 435-இல் கைவிட்டுவிடும். 1206 அளவு எஸ்எம்டி துண்டுகளைச் செப்புப் பலகையின்மேல் நேரடியாகப் பற்றவைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ஒரு பக்கச் செப்புப் பலகை 8 × 3 செ.மீ. எடுத்து, அதன்மேல் நான்கு சிறு செப்புத் துண்டுகளைச் சூப்பர் குளூவில் ஒட்டினால் அவை நான்கு முடிச்சுகள். கெபாசிட்டர் துண்டிலிருந்து தரைக்கு, காயில் துண்டிலிருந்து துண்டுக்கு. நடுக் காயிலை மற்ற இரண்டுக்கும் செங்கோணமாகத் திருப்பி வையுங்கள். மூன்றும் ஒரே திசையில் படுத்திருந்தால் ஒன்றின் காந்தப்புலம் அடுத்ததில் ஏறி, ஹார்மோனிக் ஃபில்டரைத் தாண்டிக் குதித்துவிடும். தகர டப்பாவிலிருந்து வெட்டிய தகடுகளைக் காயில்களுக்கு இடையே சுவராக நிறுத்திப் பலகையோடு பற்றவைப்பது இன்னும் நல்லது. இரு முனையிலும் பிஎன்சி சாக்கெட், அதன் உலோக உடல் பலகையோடு சுற்றிலும் பற்றவைக்கப்பட வேண்டும், ஒற்றைக் கம்பியால் அல்ல.

நானோவிஎன்ஏவில் எஸ்11 (திரும்பும் சிக்னல்), எஸ்21 இரண்டையும் பார்த்தபடி, பிளாஸ்டிக் குச்சியால் காயில் சுற்றுகளை விரித்தோ நெருக்கியோ 144–146-இல் திரும்பும் சிக்னல் 20 டெசிபெலுக்குக் கீழே இறங்கும்படி சரிசெய்யுங்கள். கடந்துபோகும் இழப்பு அரை டெசிபெலுக்குள் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் டம்மி லோடில் (ஏரியலுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) பேசவிட்டு, கருவியை அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் எதுவும் வெதுவெதுப்பாகக்கூட இருக்கக்கூடாது. ஒரு கெபாசிட்டர் மட்டும் சுட்டால் அது சொன்ன ரகம் இல்லை.

இதை மாட்டியபின் 70 செ.மீ. செத்துவிடும், மறந்தும் அங்கே பிடிடியை அழுத்தாதீர்கள். போகும் சக்தி முழுவதும் திரும்பிவந்து இறுதி டிரான்சிஸ்டரை அடிக்கும்.

பெரிய ஏரியல், காது கேட்காத ரிசீவர்

யூவி-5ஆரின் ரிசீவர் பெரும்பாலும் ஒற்றைச் சில்லுக்குள் அடக்கம், ஆர்டிஏ1846 குடும்பம். அதன் முன்னால் குறுகிய ஃபில்டர் எதுவும் இல்லை. பேண்டுக்கு வெளியே இருக்கும் எஃப்எம் வானொலி, வயர்லெஸ் நிலையம், செல்போன் கோபுரம் எல்லாம் கதவு தட்டாமல் உள்ளே வரும். ரப்பர் ஏரியலில் தெளிவாகக் கேட்ட ரிப்பீட்டர் மாடி ஏரியலை மாட்டியதும் மங்கினால் ஏரியல் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

சோதனை எளிது. கருவிக்கும் கேபிளுக்கும் நடுவே 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றை வையுங்கள். சிக்னல் பத்துப் பங்கு குறைந்தும் குரல் முன்னைவிடத் தெளிவானால், ரிசீவர் வெளிச் சிக்னலில் திணறிக்கொண்டிருந்தது உறுதி. குரல் அதற்கேற்ப மங்கினால் ரிசீவர் மேல் தப்பில்லை. இந்தச் சோதனையின்போது கை தவறிப் பிடிடி அழுத்தினால் அட்டெனுவேட்டர் கருகும். கருவியைக் கணினியிலிருந்து அமைக்கும் சிர்ப் மென்பொருளில் அந்தச் சேனலின் டூப்ளெக்ஸ் கட்டத்தில் ‘ஆஃப்’ என்று வைத்து ஏற்றிவிட்டால் கருவி அதில் பேசவே பேசாது.

திணறல் உறுதியானால், மேலே சொன்ன லோ-பாஸ் ஃபில்டர் செல்போன் கோபுரம், யுஎச்எஃப் வயர்லெஸ் எல்லாவற்றையும் நிறுத்தும். எஃப்எம் வானொலியை நிறுத்தாது, அது வெட்டுக்குக் கீழே இருக்கிறது. அதற்கு 88–108-ஐ வெட்டும் தனி ஃபில்டர் வேண்டும். அதுவும் நான்கு வாட்டைத் தாங்கும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள், எஸ்டிஆருக்கு என்று விற்பவை பல, கேட்பதற்கு மட்டுமே. நகரத்துக்குள் இந்தக் கருவிக்கு மூன்று மீட்டர் உயரக் கெய்ன் (சிக்னலைக் குவிக்கும்) ஏரியல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து கம்பி கிரவுண்ட் பிளேன் இந்த ரிசீவருக்கு ஏற்ற அளவு.

சிர்ப், மெனு

கருவியைக் கணினியோடு இணைக்கும் புரோகிராமிங் கேபிள் வேலை செய்யவில்லை என்றால் இரண்டே காரணம்தான் பெரும்பாலும். ஒன்று, உள்ளே இருப்பது புரோலிஃபிக் சில்லின் போலி. விண்டோஸின் புதிய டிரைவர் அதை ஏற்காது, பழைய டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஃப்டிடிஐ, சிஎச்340 கேபிள்களில் இந்தத் தலைவலி இல்லை. இரண்டு, பிளக் முழுவதும் உள்ளே போகவில்லை. கெண்வுட் வகை இரட்டை பிளக்கின் பிளாஸ்டிக் விளிம்பு கருவியின் உடலில் இடித்துக் கடைசி ஒரு மி.மீ. நின்றுவிடும். சிர்ப் ‘கருவி பதில் சொல்லவில்லை’ என்று சொன்னால் முதலில் பிளக்கை அழுத்திப் பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் விளிம்பைப் பிளேடால் கொஞ்சம் சீவுங்கள்.

முதல் வேலை, கருவியிலிருந்து உள்ளதை அப்படியே இறக்கி, தொடாமல் ஒரு நகல் சேமிப்பது. இன்னொருவர் கருவியின் கோப்பை உங்கள் கருவியில் ஏற்றாதீர்கள், ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) மாறினால் பிற்பாடு வரும் சேட்டைகளுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. சேனல் பட்டியலை மட்டும் நகலெடுத்து உங்கள் கோப்பில் ஒட்டுங்கள்.

கேபிள் இல்லாமல் ரிப்பீட்டரைக் கையால் பதியும்போது பலர் பாதியில் நிற்கிறார்கள். உதாரணத்துக்கு வெளியீடு 145.700, உள்ளீடு 145.100, ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் இருந்தால் மெனு 13-இல் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மெனு 7-ஐ (இரண்டு அதிர்வெண்ணை மாறி மாறிக் கேட்பது) அணைத்து, 145.700 தட்டி, மெனு 27-இல் காலியான சேனல் எண்ணில் சேமியுங்கள். பிறகு 145.100 தட்டி, மறுபடி மெனு 27-இல் அதே எண்ணில் சேமிக்க வேண்டும். முதல் பதிவு கேட்பது, இரண்டாவது பேசுவது. இரண்டாவதை விட்டுவிட்டால் கருவி வெளியீட்டிலேயே பேசும், ரிப்பீட்டர் வாய் திறக்காது. அந்த எண்ணில் முன்பே ஏதாவது இருந்தால் மெனு 28-இல் அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

குரல் சன்னமாகப் போகிறது என்று ரிப்பீட்டரில் சொன்னால் மெனு 5-இல் அலை அகலம் குறுகலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் எண்ணை 1-லிருந்து 9 வரை மாற்றியும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அது உங்கள் காதின் குறை இல்லை, ஆலை வைத்த படிகள் மிக நெருக்கமானவை. சிர்ப்பின் சர்வீஸ் அமைப்புகளில் பழைய எண்களைக் குறித்துக்கொண்டு படிகளை விரித்துவைக்கலாம். பேசி முடித்ததும் வரும், மெனு 39-இன் ரோஜர் ஒலியை அணைத்துவிடுவது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

தேய்மானமும் பழுதும்

பிடிடி அழுத்தியதும் கருவி அணைந்து எழுந்தால், பேட்டரி சக்தி இழந்துவிட்டது என்று உடனே புதிது வாங்க வேண்டாம். பேசும்போது 1.4 ஆம்பியர்வரை ஓடுகிறது. கருவியின் முதுகில் உள்ள தொடர்பு நாக்குகள் தட்டையாகியோ அழுக்கேறியோ இருந்தால் அந்த ஓட்டத்தில் மின்னழுத்தம் சரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நாக்கை அரை மி.மீ. மட்டும் மேலே தூக்கிவிடுங்கள். பிறகு 0 பொத்தானை அழுத்திப் பிடித்து மின்னழுத்தம் பாருங்கள். முழுச் சார்ஜில் 8.4-க்கு அருகில் காட்டி, ஒரு நிமிடம் பேசியதும் 7-க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. வீட்டு நிலையத்தில் நாள்முழுக்கச் சார்ஜர் தொட்டிலிலேயே உட்கார வைப்பதுதான் பிஎல்-5 பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது. அதற்கு 12 வோல்ட்டில் ஓடும் பேட்டரி எலிமினேட்டர் (பேட்டரிக்குப் பதில் மாட்டுவது) வாங்கிவிட்டு, உண்மைப் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், 7.6 வோல்ட் அளவில், எடுத்துவைக்கலாம். ஐந்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாமல் அகற்றிவிடுவதே பாதுகாப்பு.

ஸ்பீக்கர் திடீரென்று ஊமையானால், ஸ்பீக்கர் கெட்டதாக இருப்பது அபூர்வம். உள் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி மைக் சாக்கெட்டில் உள்ள சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. வியர்வையும் கடற்காற்றும் அதில் பச்சை பிடிக்க வைத்தால், பிளக் மாட்டியிருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்கிறது. இதே பச்சை பிடிடி தொடர்பில் படிந்தால் கருவி யாரும் தொடாமலே பேச ஆரம்பித்துவிடும், மெனு 9-இல் நேர வரம்பை 60 விநாடியாக வைத்திருப்பது அன்றைக்குத்தான் கைகொடுக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளக்கை ஆல்கஹாலில் நனைத்துப் பத்து இருபது தடவை செருகி எடுத்து, அரை மணி நேரம் காய விட்டபின் பேட்டரியைப் போடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் முதுகின் அடியில் உள்ள இரண்டு திருகாணிகள், மேலே குமிழ், குமிழைச் சுற்றிய வளைய நட்டுகள் ஆகியவற்றை எடுத்தால் உலோகச் சட்டம் அடிப்பக்கமாகக் கிளம்பி வரும். ஸ்பீக்கர் கம்பிகள் இரண்டும் மிகக் குட்டை. சட்டத்தை வேகமாக இழுத்தால் அவை பிய்ந்து, ஊமைக் கருவிக்கு உண்மையிலேயே ஸ்பீக்கர் பழுது சேர்ந்துவிடும். இரண்டு விரலளவு தூக்கி, கம்பிகளை ஈயம் விட்டு எடுத்துவிட்டே சாக்கெட் தொடர்புகளைத் துடையுங்கள்.